டீச்சரின் மெஷினுக்கு ஒரு பேட்டரி

காலை பதினொன்றரைக்குக் கரண்ட் போனது. மாடியில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மூன்று வாரம் முன்பு அரசு மானியத் திட்டத்தில் பொருத்திய சோலார் தகடுகள் அந்த வெயிலில் பளபளத்துக் கிடந்தன. கீழே, என் மனைவியின் கட்டிலருகே, ஆக்சிஜன் மெஷின் நீளமாகக் கத்திவிட்டு நின்றுபோனது.

ஓடிப்போய் சின்ன சிலிண்டரைத் திறந்து டியூபை அதற்கு மாற்றினேன்.

"சோலார் வந்துட்டா கரண்ட் போறதைப் பத்திக் கவலையே இல்லைன்னீங்க?"

அவள் கணக்கு டீச்சராக இருந்தவள். வீட்டிலும் எனக்கு அவள் டீச்சர்தான். மூச்சு எவ்வளவு வாங்கினாலும் கிண்டலுக்கு மட்டும் கொஞ்சம் மிச்சம் வைத்திருப்பாள்.

சிலிண்டர் நாற்பது நிமிடம் தாங்கும். அதற்குமேல் என்ன என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை. சிலிண்டரின் முள் இறங்குவதைப் பார்த்தபடி அந்த நாற்பது நிமிடத்துக்குள் உட்கார்ந்திருந்தோம். முப்பத்திரண்டாவது நிமிடத்தில் கரண்ட் வந்தது.

மறுநாள் தகடுகளைச் சரிபார்க்க மின்சார அலுவலகத்திலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். என் மகள் வயதுதான் இருக்கும். மாடிக்குப் போய், மீட்டரைப் படமெடுத்து, இறங்கி வந்தார்.

"எல்லாம் சரியா இருக்கு சார்."

"எங்கேம்மா சரியா இருக்கு? நேத்து கரண்ட் போனதும் சோலாரும் செத்துப்போச்சு."

"நிக்கத்தான் செய்யும் சார். லைன் நின்னப்ப கம்பத்துல ஏறி வேலை பார்க்கிறவர் மேல உங்க மாடி கரண்ட் பாயக் கூடாதுல்ல? பேட்டரி இருந்தா வீட்டுக்குள்ள மட்டும் ஓடும்." உள்ளே மெஷின் இரைவதைக் கேட்டு அவர் தலையைத் திருப்பினார். "இப்படி மெஷின் வச்சிருக்கிற வீட்டுக்கு அரசாங்கமே பேட்டரியும் குடுக்குதே. விண்ணப்பத்துலேயே கேள்வி இருக்கும்." பையிலிருந்து என் விண்ணப்பத்தை எடுத்தார். "நோயாளி இல்லைன்னு போட்டிருக்கீங்க. கேள்வியைப் படிக்கலையா சார்?"

"படிச்சேன்."

அச்சகத்தில் பிழை திருத்துவது என் வேலை. இருபத்தாறு வருடமாக ஒரு புள்ளியைக்கூட விட்டதில்லை. அந்த விண்ணப்பத்தை நிரப்பிய அன்று டீச்சர் என் தோளில் சாய்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'வீட்டில் மருத்துவக் கருவி பயன்படுத்தும் நோயாளி உண்டா?' அவள் மூச்சு என் காதில் பட்டுக்கொண்டிருந்தது. உண்டு என்று எழுத எனக்குக் கை வரவில்லை. தெரிந்தே ஒரு பிழையைச் செய்தேன்.

இதை யாரிடம் எப்படிச் சொல்வது?

டியூபை இழுத்துக்கொண்டு டீச்சர் அறை வாசல்வரை வந்தாள். அதற்குமேல் டியூப் எட்டாது.

"அவரைத் திட்டாதேம்மா. நானும் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். இல்லைன்னு எழுதினாரா, எனக்கு உள்ளுக்குள்ள அவ்வளவு சந்தோஷம். அதான் வாயைத் திறக்கல."

இன்ஜினியர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பையிலிருந்து ஒரு புதிய தாளை உருவினார்.

"டாக்டர் சீட்டு இருந்தா இப்பவே திருத்தி எழுதிக்கலாம். நானே பரிந்துரை போட்டு அனுப்பறேன். நோயாளின்னு யாரைப் போட?"

நான் வாயைத் திறந்தேன்.

"என்னைத்தான். அவர் மூஞ்சியைப் பார்த்து அவர் பேரைப் போட்டுடாதே," என்றாள் டீச்சர்.

இன்ஜினியர் சிரித்துவிட்டார்.

"மெஷின் எத்தனை மணி நேரம் ஓடணும்மா?"

டீச்சர் என்னைப் பார்த்தாள். இதை நீங்கள் சொல்லுங்கள் என்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

"இருபத்துநாலு மணி நேரமும்," என்றேன். சொன்ன பிறகு, எதையோ இறக்கி வைத்ததுபோல இருந்தது.

பேட்டரி வர ஒரு மாதம் ஆனது. அது மெஷினுக்கு மட்டும்தான். மற்ற எதையும் அதில் சேர்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அடுத்த வாரம் ஒரு மதியம், அவள் பக்கத்தில் உட்கார்ந்து அச்சுத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். கழுத்தில் வியர்வை இறங்கியது. நிமிர்ந்தால் ஃபேன் நின்றிருந்தது. கரண்ட் எப்போது போனதோ! மெஷின் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. டீச்சர் கண்ணை மூடிப் படுத்திருந்தாள்.

சிலிண்டர் பக்கம் போகவே இல்லை. தாள்களை விசிறியாக மடித்து அவளுக்கு வீசினேன்.

"எனக்கெதுக்கு வீசறீங்க? உங்க சட்டையைப் பாருங்க, தொப்பலா நனைஞ்சிருக்கு," என்றாள், கண்ணைத் திறக்காமலே.