கான்லே ஏற்றத்தில் ஒரு பாதம்

1
இந்தக் கதையை யாரும் எனக்குச் சொல்லவில்லை. பாதியை ஒட்டுக்கேட்டேன், மீதியைத் தோண்டி எடுத்தேன். இன்னொன்றையும் இப்போதே ஒத்துக்கொள்கிறேன்: எல்லாம் நடந்த அந்த ஒரு மணி நேரம் நான் வேனுக்குள் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தேன்.

தொடக்கம்: ‘மேகம் மலையைத் தழுவிய அந்தக் காலையில்—’

பொய். காலையில் மேகமே இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது.

மறுபடி. எங்கள் கடற்கரை ஊர் நாட்ராங்கின் சைக்கிள் குழுவில் பதினோரு பேர் மலைமேல் இருக்கும் தாலாத்துக்குக் கிளம்பினார்கள். வழியில் கான்லே ஏற்றம். முப்பத்து மூன்று கிலோமீட்டர், மூச்சு வாங்க ஓர் இறக்கம்கூடக் கிடையாது. அதை யார் உதவியும் இல்லாமல் ஏறியவர்களுக்குத்தான் அடுத்த மாதம் வடக்கே ஹாசாங் பயணத்தில் இடம். குழுத்தலைவர் லோக் போட்ட சட்டம் அது. என் பக்கத்து வீட்டு லுவா அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. போன வருடம் பாதி மலையில் வேனில் ஏறியவர். இந்த வருடம் வேனில் ஏறுவதில்லை என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். (தெரு முழுக்கச் சொன்னது நான்.)

2
குழுவோடு வந்த வேனை ஓட்டியவர் லுவா அக்காவின் கணவர் கியெம். பின்னால் சூப் பானையோடு நான். பதினெட்டாவது கிலோமீட்டரில் லுவா அக்காதான் கடைசி.

“ஏறிக்கடி லுவா. ஏசி ஓடுது.”

“நீயே அதுல உறைஞ்சு கிட.”

“முட்டி போச்சுன்னா நான் தூக்க மாட்டேன்.”

“கல்யாணத்தன்னிக்கே தூக்கல. இப்ப தூக்கிக் கிழிக்கப் போறியா? முன்னாடி போய்யா, உன் வண்டிப் புகையில எனக்கு மூச்சு முட்டுது!”

(இந்தப் பேச்சு என் கைச்சரக்கு என்று நினைப்பீர்கள். இல்லை. கேட்ட சிரிப்பில் பாதி சூப்பைக் கொட்டியவள் நான்.)

நாங்கள் உச்சிக்குப் போய்விட்டோம். நான் தூங்கினேன்.

3
இனி நான் பார்க்காதது. மாலை நாலு மணி. மழை, பத்தடிக்கு அப்பால் தெரியாத பனிமூட்டம். லுவா அக்காவுக்குப் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள், இரண்டு பக்கமும் முட்டைக்கோஸ் மூட்டை. எங்கள் ஊர்ச் சாலைகளில் ஒருவர் வண்டி திணறினால், பின்னால் வருபவர் காலை நீட்டி அந்த வண்டியில் பாதத்தை வைத்துத் தள்ளிவிடுவார். பெயர் கேட்க மாட்டார், அனுமதியும் கேட்க மாட்டார். லுவா அக்காவின் கேரியரில் ஒரு ரப்பர் செருப்பு வந்து பதிந்தது.

“விடுப்பா! காலை எடு!”

“பரவால்ல அத்தை, நானும் மேலதான் போறேன்.”

பிரேக் பிடித்தால் ஈரச் சாலையில் இருவரும் விழுவார்கள். அவர் பிடிக்கவில்லை. அல்லது,

அல்லது, அந்தச் சுகத்தில் கண்ணை மூடி

இதை எழுதத்தான் ஆசை. பக்கத்து வீட்டுக்காரியை இத்தனை நல்லவளாக எழுதக் கை வரவில்லை. ஆனால் அடுத்து வருவதை என் கண்ணால் பார்த்தேன்; அதனால் அந்த வரி பாதியிலேயே நிற்கட்டும்.

4
நாலு ஐம்பதுக்கு உச்சிக்கு வந்தார். மழைச்சட்டைக்குள் நடுங்கிக்கொண்டு பத்துப் பேரும் கை தட்டினார்கள். லோக் பட்டியலை எடுத்தார்.

“எழுதாத தம்பி. ரெண்டு வளைவு ஒருத்தன் தள்ளிவிட்டுட்டான்.”

“யாரு அக்கா பார்த்தா?”

“யார் பார்க்கணும்? மிதிச்சது நானில்ல, அவ்வளவுதான்.”

“ரெண்டு வளைவுதானே, விடுங்க. பசி உயிர் போகுது.”

“இங்கேருந்து மூணு கிலோமீட்டர் கீழ ஆரம்பிச்சான். அங்கேருந்து மறுபடி ஏறி வரேன்.”

அப்போது மூன்று பேர் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டத் தொடங்கினார்கள். மூவருக்கும் கயிறு அவிழ்ந்திருக்கவே இல்லை. இதை என்னைத் தவிர யாரும் கவனிக்கவில்லை. அவர்கள் பெயரை எழுதினேன்; அடித்துவிட்டேன். ஒரே தெருவில் வாழ வேண்டுமே.

கியெம் ஹாரனை அழுத்தினார். லுவா அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. சைக்கிளை இறக்கத்தின் பக்கம் திருப்பினார்.

“நான் வர்ற வரைக்கும் இருப்பீங்களா, போயிடுவீங்களா?”

என்ன பதில் வந்தது என்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு சேதியை வாய்க்குள் வைத்துக்கொள்கிறேன். நீங்களும் நனைந்துபோய், பசியோடு, குனிந்த அந்த மூவருக்கு நடுவில் நில்லுங்கள். லுவா அக்கா பிரேக்கை விடப் போகிறார்.

சொல்லுங்கள்.