குளோரோஃபார்ம் சாயும் பக்கம்

திரவப் படிகத்தின் மூலக்கூறுகள் கூடியவரை ஒரே திசையில் படுத்திருக்கும். அதில் கரைத்த குளோரோஃபார்ம் உருண்டுகொண்டே இருந்தாலும், சராசரியில் ஒரு பக்கம் கொஞ்சம் சாயும். படிகத்தின் திசைக்கு நேராகவா, குறுக்காகவா? என் மனைவி ஜெஸ்லின் குறுக்கே என்றாள். நான் நேர் என்றேன். போன மழைக்காலத்தில் காசிமேட்டு வீட்டில் இரண்டு வாரம் இதே சண்டை. குறுக்கே என்றே ஓர் ஆய்வுப் பத்திரிகைக்குக் கட்டுரையை அனுப்பினாள், என் பெயரை இரண்டாவதாகப் போட்டு. மறுமாதம் டெங்குவில் இறந்தாள்.

ஏழு மாதம் கழித்து பத்திரிகையின் மதிப்பீட்டாளர் கேட்டது ஒன்றுதான்: ஒரே வெப்பநிலையில் அளந்திருக்கிறீர்கள், சூடாக்கிப் பார்த்தீர்களா?

எண்ணூர் சாலையை கன்டெய்னர் லாரிகள் அடைத்திருந்தன. கல்லூரிக்கு நடந்தே போனேன். அங்கே காந்த அதிர்வுக் கருவியை இயக்கும் குணசேகரன் வியாசர்பாடியிலிருந்து எனக்கு முன்பே வந்திருந்தான். ஜெஸ்லின் கரைசலை ஊற்றி மூடி வைத்த குழாயைக் கருவிக்குள் இறக்கினோம். திரையில் இரண்டு கோடுகள். அவள் சொன்னது சரியென்றால், சூடு ஏற ஏற அவை சற்று நெருங்கி, சாதாரணத் திரவத்தில் காணும் வழக்கமான இடைவெளியில் நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை. நெருங்கின, ஒன்றாயின, மறுபடி பிரிந்தன.

நேர்தான்.

"நீ ஜெயிச்சிட்ட மாமு," என்றான் குணசேகரன்.

குழாயை வெளியே எடுத்துத் துடைத்தேன்.

"இன்னா, மூஞ்சி இப்டி கீது? மாத்தி எழுதி அனுப்பு. டீ நீதான் வாங்கணும்."

"அவ பேர்ல வருதுடா."

"வரட்டுமே. தப்பா வர்றதுக்கு ரைட்டா வர்றது தேவல."

திருத்தி அனுப்பினேன். முடிவு மாறியதால் கட்டுரையாளர்கள் ஒவ்வொருவரும் ஒப்புதல் தர வேண்டும் என்று பதில் வந்தது. என் கைப்பேசிக்கு ஓர் இணைப்பு, அவள் கைப்பேசிக்கு ஒன்று. அதை நான்தான் தினமும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன்.

"அமுக்கிடு. ஒரு செகண்டு வேல," என்றான் குணசேகரன்.

"அவ ஒத்துக்கல."

"இந்தக் கோட்டப் பாத்திருந்தா ஒத்துக்கினு இருப்பாங்க."

"பாக்கலயே."

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "அதுவும் சரிதான். சண்ட போடாம ஒத்துக்கற ஆளா அவங்க?"

இணைப்பைத் தொடவில்லை. பத்திரிகை ஆசிரியருக்கு எழுதினேன்: "ஜெஸ்லின் இறந்துவிட்டார். குறுக்கு என்பது அவர் முடிவு. புதிய அளவீடு அவர் இறந்த பிறகு செய்தது. நேர் என்பது என் முடிவு. அவர் இதற்கு ஒப்புதல் தரவில்லை. இதை இப்படியே அச்சிட முடியாதென்றால் கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன்."

குணசேகரன் இரண்டு முறை படித்தான்.

"தப்பு ஒண்ணும் இல்ல," என்றான்.

அனுப்பினேன்.