பில்காரியின் வீட்டுக்காரர் பழைய நோயாளி

ஆள் புதுசா பழசா என்று பிரிப்பதில் பில் கவுன்ட்டர்காரியை மிஞ்ச அந்த மருத்துவமனையில் ஆள் கிடையாது. விதி இதுதான்: குழுமத்தின் எந்தக் கிளையானாலும் சரி, கடந்த மூன்று வருஷத்துக்குள் அதே துறை டாக்டர் நேரில் பார்த்திருந்தால் பழைய நோயாளி, இல்லையென்றால் புதுசு. "நான் வந்ததே இல்லம்மா" என்று சாதிப்பவர்களைத் தேதியோடு மடக்குவாள். யாருக்கு என்ன நோய் என்று வெளியே மூச்சு விடமாட்டாள். முகம்தான் எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

அப்படிப்பட்டவள் ஒரு திங்கட்கிழமை தன் வீட்டுக்காரரையே கூட்டிவந்தாள். நாலு படி ஏறினால் நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறார். இதய டாக்டரிடம் காட்டுவதற்காகப் புது நோயாளி படிவத்தைத் திறந்து பெயரையும் பிறந்த தேதியையும் தட்டினாள். பழைய நோயாளி என்றது கம்ப்யூட்டர். இரண்டு வருஷம் நாலு மாசத்துக்கு முன், பாலத்துக்கு அந்தப்புறம் உள்ள கிளையில், இதயத் துறையில் பார்த்திருக்கிறார்கள்.

வேறு யாரோ என்று நினைத்தாள். முகவரி அவள் வீட்டு முகவரி. கூட வந்தவர் என்ற இடத்தில் அவளுடைய ஓர்ப்படியின் பெயர். அவளோடு பேச்சு நின்று வருஷக்கணக்காகிறது. யாரோ என்னவோ சொன்னதாக யாரோ சொன்னதில் வந்த சண்டை.

"என்னங்க, அந்தக் கிளைக்குப் போனீங்களா?"

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "அண்ணன் வீட்ல இருந்தப்ப படபடன்னு வந்துச்சு. அண்ணி கூட்டிட்டுப் போனாங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்தை?"

"உன் மூஞ்சியப் பார்த்தே தெருவுல பாதிப் பேரு விசாரிக்க வந்துடுவாங்க. புதுசுன்னே போடேன்."

புதுசென்று போட்டால் பழைய ரிப்போர்ட்டை யாரும் தேடமாட்டார்கள். டாக்டர் வெறுங்கையோடு ஆரம்பிப்பார். பழசென்று போட்டால் பக்கத்து கவுன்ட்டர்காரி எட்டிப் பார்ப்பாள். ஊரையே புதுசு பழசென்று பிரிக்கிறவளுக்குத் தன் புருஷன் கதை தெரியலையாம் என்று சாப்பாட்டு நேரத்துக்குள் மாடிவரை போய்விடும்.

பழசென்றே போட்டாள். பக்கத்து கவுன்ட்டர்காரி எட்டிப் பார்த்தாள்.

கிளைக்குப் போன் செய்தால், ரிப்போர்ட்டை அன்றைக்கே கையில் கொடுத்துவிட்டோம் என்றார்கள்.

"எங்க அது?"

"அண்ணி பீரோவுல."

வேறு வழியில்லாமல் ஓர்ப்படியின் நம்பரை அழுத்தினாள். "நான்தான்க்கா."

"சொல்லு. நெஞ்சு வலிக்குதாமா?"

"உங்களுக்கு எப்படி... அந்த ஃபைலு..."

"எடுத்துட்டு வரேன். நீ அவர சத்தம் போடாத."

"நான் எங்க சத்தம் போட்டேன்?"

"இன்னும் போடலை."

அரை மணியில் ஃபைலோடு வந்தாள். எதிரெதிர் நாற்காலியில் உட்கார்ந்து இருவரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நர்ஸ் வந்து, "கூட ஒருத்தர் மட்டும் வரலாம்" என்றாள்.

ஓர்ப்படி எழுந்தாள். எழுந்தவள் ஃபைலை இவளிடம் நீட்டினாள். "நீயே போ. மாத்திரைய ரெண்டே மாசத்துல நிறுத்தினதையும் டாக்டர்கிட்ட சொல்லிடு. அவரா வாயத் திறக்கமாட்டாரு."

"எந்த மாத்திரை?"

வீட்டுக்காரர் அதற்குள் டாக்டர் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போயிருந்தார், நெஞ்சைப் பிடிக்காமலே.