சொல்தா வீடு பேசிய பத்து நாள்

"14 மார்ச் 2006, செவ்வாய். இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். சொல்தா வீடு என்று நான் சொன்னதைத் தயாரிப்பாளர் வேறு மாதிரி புரிந்துகொண்டார். திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை." கம்ப்யூட்டர் மாலை வகுப்பு நோட்டின் பின்பக்கத்தில் சுடர்விழி இதை எழுதி முடித்தபோது மணி ஏழேகால். சரியாக அப்போதுதான் நெல்லித்தோப்பில் அவர்கள் குடியிருந்த வீடு முதன்முறையாக வாய் திறந்து, "தொட்டி ரொம்பிடுச்சு, மோட்டார நிறுத்துங்க" என்றது. அவளுடைய அம்மா கமலவேணி எழுந்துபோய் மோட்டாரை நிறுத்தினாள்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவரைப் புதுச்சேரியில் சொல்தா என்பார்கள். வீட்டுக்காரர் தேவதாஸ் அப்படி ஒரு சொல்தா. இருபது வருஷத்துக்கு முன் பாரிசுக்குப் போனவர், மில்லில் வேலை பார்த்த அவளுடைய அப்பா கோவிந்தராசுவையும் கமலவேணியையும் பின்கட்டில் குடிவைத்து, முன்கட்டைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அந்த வீட்டையும் அப்பா அம்மாவையும் வைத்துத்தான் சுடர்விழி கதை எழுதியிருந்தாள். வேறு பெயர் வைத்தால் கதையில் ஆட்கள் நடக்கவே மாட்டேன் என்றதால், உண்மைப் பெயர்களையே விட்டிருந்தாள். அதைத் தூக்கிக்கொண்டு இரண்டு வருஷத்தில் சென்னையில் பதினோரு சினிமா கம்பெனி ஏறி இறங்கினாள். எல்லா இடத்திலும் கதைக்கு முன்னால், "யார்கிட்ட அசிஸ்டென்டா இருந்த?" என்று கேட்டார்கள். யாரிடமும் இல்லை என்றதும் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

பன்னிரண்டாவது ஆள் விஜயராகவன். வடபழனியில் மாடியில் ஆபீஸ். சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார், பிடித்ததை மட்டும் பச்சை மையில் எழுதிக்கொள்வார். அவள் நான்காவது நிமிஷத்தில், "அவங்க இருக்கறது சொல்தா வீடு சார்" என்றாள். அவர் கண்ணைத் திறந்தார்.

"வீடு சொல்தா? இன்னா சொல்து?"

அவள் பதில் தேடுவதற்குள் அவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "முப்பது வருசமா கத கேக்கறேன். வீடு பேசற கத ஒருத்தனும் கொண்டாரலம்மா." இல்லை சார் என்றால் அவர் மறுபடி சாய்ந்துவிடுவார் என்று அவளுக்குத் தெரிந்தது. தலையாட்டினாள். அவர் எழுதிக்கொண்டார்.

வீடு பெரிதாக ஒன்றும் பேசவில்லை. கேஸ் வியாழக்கிழமை தீரும், பல்லி விழுந்த பாலைக் குடிக்காதே, இந்த மாதிரிதான். பக்கத்து வீட்டு அஞ்சலாட்சி வந்து கேட்டுவிட்டு, "செவுரே பேசுது, உம் பொண்ணு வாயத் தொறக்க மாட்டேங்கறா பாரு கமலா" என்று காபி குடித்துவிட்டுப் போனாள். சுடர்விழி மட்டும் தயாரிப்பாளரின் பச்சை மையை நினைத்துக்கொண்டாள். தற்செயலாக இருக்கலாம் என்று நோட்டில் எழுதி, தற்செயலுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

வெள்ளிக்கிழமை விஜயராகவன் இரண்டாவது முறை கதைக்கு உட்கார்ந்தார். "அப்பாவுக்கு ஒரு கொறை வெப்போம். வீடு பேசும், அவருக்கு மட்டும் காது கேக்காது. காமெடியும் ஆச்சு, சென்டிமென்ட்டும் ஆச்சு" என்றார். நல்லா இருக்கு சார் என்று சிரித்துவிட்டு அவள் பஸ் ஏறினாள். வீட்டில் கோவிந்தராசு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மூன்று முறை கூப்பிட்டாள். அவர் அவளையும் கமலவேணியையும் மாறி மாறிப் பார்த்து, "ஏன் எல்லாரும் வாய மட்டும் அசைக்கிறீங்க?" என்று கேட்டார். அன்று நோட்டில் கேள்விக்குறியை அழித்தாள். அழுத்தி அழித்ததில் தாள் கிழிந்தது.

செவ்வாய்க்கிழமை போகாமல் இருந்திருக்கலாம். அப்பாவின் காதைத் திருப்பி வாங்கலாம் என்ற நினைப்பில் போனாள். விஜயராகவன் அவளைப் பேசவிடவில்லை. "இன்டர்வல்ல அம்மாவ எடுத்துடலாம். அத வீடே சொல்லணும்." புதுப் பக்கம் திருப்பி, பச்சை மையில் கமலவேணி என்று எழுதி, பேனாவைத் தூக்கிப் பிடித்தார். "எப்படிப் போறான்னு நீ யோசிச்சு வெள்ளிக்கிழமை வந்து சொல்லு. வரலன்னா நானே எழுதிக்கிறேன். அடுத்த மாசம் பூஜை போட்டுரலாம்."

அன்று ஏழேகாலுக்கு வீடு, "கமலவேணி" என்றது. அதோடு நிறுத்திக்கொண்டது.

"இன்னா?" என்று கமலவேணி சுவரைப் பார்த்துக் கேட்டாள். புதனும் வியாழனும் அப்படியே. "பேரச் சொல்லிட்டு வெச்சுடுது. மிஸ்டு கால் மாதிரி" என்று அவள் சிரித்தாள். சுடர்விழி சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள். அம்மா கரண்டியைக் கீழே போட்டாலும் எழுந்து ஓடிப் பார்த்தாள். எந்தச் சாவைச் சொன்னாலும் அது நடக்கும். போகாவிட்டால் அவர் எழுதுவார். அம்மா சாகவேண்டாம் என்றால், வேறு ஆளைக் கொண்டுவந்து சாகடிப்பார். எல்லாவற்றையும் வரிசையாக எழுதிப் பார்த்து, கடைசியில் முதல் நாளின் தவறுக்கே வந்து நின்றாள்.

வெள்ளிக்கிழமை உட்காராமலே சொன்னாள். "சார், சொல்தான்னா பேசறது இல்ல. எங்க ஊர்ல பட்டாளத்துக்காரர சொல்தாம்பாங்க. நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

அவர் பச்சைப் பேனாவை மூடினார். "அப்ப வீடு பேசாது?"

"பேசாது சார்."

"அப்ப கதையே இல்லியேம்மா."

"இல்ல சார்."

வீடு பேசும் பக்கத்தையும் கமலவேணி பக்கத்தையும் கிழித்துக் கூடையில் போட்டார். நடுவில் இருந்த பக்கத்தை விட்டுவிட்டார். அதையும் கிழிச்சிடுங்க சார் என்று அவள் கேட்டபோது, "காது கேக்காத அப்பன் இருக்கட்டும். வேற கதைக்கு ஆவும்" என்றார். அவள் படி இறங்கும்போது மேலிருந்து, "ஏம்மா, பட்டாளத்துக்காரன் வீடுன்னா பூட்ஸ் சத்தமாச்சும் கேக்குமா?" என்று குரல் வந்தது. தெரியல சார் என்றாள். பேனா மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

அன்று ஏழேகாலுக்கு வீடு ஒன்றும் சொல்லவில்லை. "இன்னிக்குக் கூப்புடல" என்றாள் கமலவேணி, கொஞ்சம் ஏமாற்றமாக. பூட்டிய முன்கட்டிலிருந்து பூட்ஸ் சத்தம் புறப்பட்டுக் கூடத்தைக் கடந்து கொல்லைப்பக்கம் போனது. ஒரு வாரமாக எதுவும் கேட்காத கோவிந்தராசு தலையைத் தூக்கினார். "வழிய வுடுங்க, வர்றாரு" என்று காலை மடக்கிக்கொண்டார். அதற்குப் பிறகு வந்த வருஷங்களிலும் அவர் காதில் விழுந்தது தினம் ஏழேகாலுக்கு வந்த அந்தச் சத்தம் ஒன்றுதான். அதை வைத்தே மணி சொல்லப் பழகிக்கொண்டார்.

சுடர்விழி கூடத்தில் விளக்கைப் போட்டுப் பார்த்தாள். தரையில் செம்மண் தடம் வரிசையாக இருந்தது. நோட்டை எடுத்தாள்.

"24 மார்ச், வெள்ளி. தவறைத் திருத்தினேன். படம் இல்லை. அம்மா இருக்கிறாள். நாளை: முன்கட்டு வாசலில் கால் துடைக்க ஒரு சாக்கு போட வேண்டும்."