தெற்கே போன நூற்று முப்பத்தேழு பேர்

புதிய நடைபாதை திறக்கப்பட்ட மறுநாள் காலை ஒன்பது ஐந்துக்கு, இறந்து ஆறு வருஷமாகியிருந்த கடிகாரக் கடைக்காரர், கையில் சாப்பாட்டு டப்பாவோடு கடைத்தெருவில் தெற்குப் பார்த்து நடந்து போனார். கடையைத் திறந்துகொண்டிருந்த அவர் மனைவி, பூட்டும் கையுமாக நிமிர்ந்து பார்த்து, "டப்பாவை மட்டும் மறக்கமாட்டார்" என்றாள். ஒன்பது பன்னிரண்டுக்கு, ஊரைவிட்டே போய்விட்ட பழைய தபால்காரர் போனார். ஒன்பது இருபதுக்குக் காய்ச்சலில் போன இரட்டைப் பெண்கள் இரண்டு பேரும் ஒரே புத்தகப் பையைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சாயங்காலத்துக்குள் நூற்று முப்பத்தேழு பேர் போயிருந்தார்கள். ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை. மறுநாளும் அதே ஆட்கள் அதே நேரத்துக்கு வடக்கு முனையிலிருந்து புறப்பட்டுப் போனார்கள். இது எப்படி நேர்ந்தது என்று தெருவில் ஒருத்திக்குத்தான் தெரியும். நகராட்சியில் தற்காலிக வேலையில் இருந்த, ஆட்களை எண்ணுகிறவள் அவள்.

புறவழிச்சாலை வந்ததிலிருந்து கடைத்தெருவில் இரண்டு கடைக்கு ஒரு கடை பூட்டிக் கிடந்தது. தெருவைச் சீராக்க அரசு மானியம் கொடுக்கிறது என்று தெரிந்ததும் நகராட்சி விண்ணப்பம் போட்டது. கல் பதித்த நடைபாதை, விளக்குக் கம்பங்கள், பெஞ்சுகள், இரும்புக் கூண்டுக்குள் மரக்கன்றுகள், எல்லாம் படத்தோடு இருந்தது. நிபந்தனை ஒன்றுதான்: அந்தத் தெருவில் ஒரு நாளைக்கு நானூறு பேராவது நடக்க வேண்டும். எண்ணுகிறவள் பூட்டிய குடைக்கடை வாசலில் நாற்காலி போட்டு, காலையிலிருந்து விளக்கு வைக்கும் நேரம்வரை எண்ணினாள். இருநூற்று அறுபத்து மூன்று வந்தது. தாளைப் பார்த்த தலைமை எழுத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏம்மா, இவ்வளவுதானா? நீ கண் சிமிட்டின நேரத்துல எத்தனை பேர் போனாங்களோ. வீட்டுக்கு எடுத்துட்டுப் போ, நிதானமா யோசிச்சு எண்ணு."

"யோசிச்சு எப்படி சார் எண்ணறது?"

"அதான் தாள் குடுக்கறேனே."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அவள் நானூறுக்குக் குறைந்த நூற்று முப்பத்தேழு வரிகளையும் நிரப்பினாள். ஒவ்வொரு வரியிலும் நேரம், ஆணா பெண்ணா, வயது, கையில் என்ன, எந்தத் திசை என்று ஐந்து கட்டங்கள். ஆளே இல்லாமல் வயதை மட்டும் எழுத அவளுக்குக் கை வரவில்லை. அதனால் அந்தத் தெருவில் ஒரு காலத்தில் நடந்தவர்களை ஒவ்வொருவராக நினைத்து எழுதினாள். செத்தவர்கள் பாதி, பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போனவர்கள் பாதி. கடைசி வரி மிஞ்சியபோது மாலை நாலு பத்து, பெண், வயது இருபத்திரண்டு, கையில் பச்சைக் குடை என்று எழுதினாள். அது அவள் தங்கை. பதினோரு வருஷத்துக்கு முன்னால், வெளியூர் வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பியவளிடம், "போறதுன்னா போ, திரும்பி மட்டும் பார்க்காதே" என்று இவள்தான் வாசலில் நின்று சொன்னாள். சொன்ன சொல்லுக்குக் கட்டுப்படாத பெண், அந்த ஒன்றுக்கு மட்டும் கட்டுப்பட்டு, அக்காவின் குடையையும் எடுத்துக்கொண்டு ரயில் நிலையம் இருக்கிற தெற்குப் பக்கமாகப் போனாள். அதற்குப் பிறகு கடிதம் இல்லை. இருக்கிறாளா இல்லையா என்றே தெரியாது. வரிகளை முடித்தபோது எண்ணுகிறவளுக்கு விரல் வலித்தது. திசைக் கட்டத்தில், எல்லா எழுத்தர்களும் செய்கிறபடி, முதல் வரியில் தெற்கு என்று எழுதிவிட்டு, அடியில் மேற்படிக் குறி போட்டு, அங்கிருந்து கடைசிவரை ஒரே கோடாக இழுத்துவிட்டாள்.

மானியம் வந்தது. கல் பதிக்க இரண்டு வருஷம் ஆனது. ஈரச் சிமெண்டில் தினமும் காலடித் தடங்கள் விழுகின்றன, எல்லாம் தெற்கே போகின்றன, ஒன்றுகூட வடக்கே வரவில்லை என்று கொத்தனார் புகார் சொன்னார். நாய் விரட்டியிருக்கும் என்றார்கள். அப்புறம் திறப்பு விழா நடந்தது, மறுநாள் அவர்கள் வந்தார்கள். ஒரு வாரம் ஊர் முழுக்கக் கதவிடுக்கில் நின்று பார்த்தது. இரண்டாவது வாரம் பிள்ளைகள் அவர்களைப் பார்த்துப் பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று தெரிந்துகொண்டார்கள். கூப்பிட்டால் அவர்களுக்குக் கேட்காது. வழியை மறித்து நின்றால், நிற்கிறவர் நெஞ்சுக்குள் கிணற்றுத் தண்ணீர் போகிற மாதிரி ஒரு குளிர்ச்சி, அடுத்த நொடி ஆள் அந்தப் பக்கம் இருப்பார். பெஞ்சில் உட்காரமாட்டார்கள், தாளில் உட்காருவதற்குக் கட்டம் இல்லை. டீக்கடைக்காரருக்கு மட்டும் மனசு ஆறவில்லை.

"நடக்கட்டும், நான் வேண்டாங்கலை. நின்னு ஒரு டீ குடிச்சா காலா தேஞ்சிடும்?"

"உன் டீயைக் குடிச்சுத்தானே அதுல பாதிப் பேர் போய்ச் சேர்ந்தாங்க" என்றார் எதிர்க்கடைத் தையல்காரர்.

நாளாக ஆக, கூண்டிலிருந்த மரக்கன்றுகள் தெற்கே சாய்ந்து வளர்ந்தன. தெருவில் விழுந்த எலுமிச்சம்பழம் மேடு பள்ளம் பார்க்காமல் தெற்கே உருண்டது. எண்ணுகிறவள் தினமும் நாலு மணிக்குக் குடைக்கடை வாசலில் வந்து நின்றாள். நாலு பத்துக்கு இருபத்திரண்டு வயதுத் தங்கை குடையோடு அவளைக் கடந்து போனாள். முதல் மாதம் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். இரண்டாம் மாதம் கெஞ்சினாள். மூன்றாம் மாதத்திலிருந்து பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். தாளில் விரலால் இழுத்த கோட்டைவிட, வாயால் ஒரே முறை சொன்னதுதான் இந்தப் பெண்ணைத் தெற்கே தள்ளுகிறது என்று அவளுக்குத் தோன்றும்.

ஒரு நாள் நகராட்சிக்கு ஒரு கடிதம் வந்தது. பழைய ஆஸ்பத்திரி கம்பவுண்டர், தாளில் அவள் எழுதியவர்களில் ஒருவர், பையனோடு வேறு ஊரில் நல்லபடியாக இருக்கிறவர், எழுதியிருந்தார். இரண்டு வருஷமாகப் பதினொன்று இருபது ஆனால் கட்டிலில் படுத்திருந்தாலும் கால் வலிக்கிறதாம், கல் பதித்த தெருவில் நடக்கிற மாதிரி இருக்கிறதாம். வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், போய்க்கொண்டே இருக்கிறோம், வீடு வந்து சேரவில்லை என்கிற கலக்கம்தான் தாங்கவில்லை, உங்கள் ஊரில் யாராவது என்னை ஏதாவது செய்கிறீர்களா என்று கேட்டிருந்தார். எண்ணுகிறவள் அந்தக் கடிதத்தைக் கோப்பில் வைக்காமல் ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். உயிரோடிருந்தால் கால் வலிக்கும். அப்படியானால் தங்கைக்கும் வலிக்கலாம்.

அந்த வருஷமே மறு எண்ணிக்கைக்கு உத்தரவு வந்தது. மானியம் வாங்கிய தெருவில் ஆட்கள் நடக்கிறார்களா என்று பார்க்க மேலிடத்திலிருந்து ஓர் ஆய்வாளர் வந்து, நாள் முழுக்க அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "இந்தத் தடவை கஷ்டமில்லம்மா, பார்த்ததை எழுதினாப் போதும். ஒரு வரி பொய்யின்னு தெரிஞ்சாலும் வேலை போயிடும், பார்த்துக்க" என்று தலைமை எழுத்தர் காதோடு சொல்லியிருந்தார். அவள் பார்த்ததைப் பார்த்தபடி எழுதினாள். பதினொன்று இருபதுக்குக் கம்பவுண்டர் போனபோது பேனா ஒரு கணம் நின்றது. ஆய்வாளர் திரும்பிப் பார்த்தார். தெற்கு என்று எழுதினாள், எழுதிவிட்டு அந்த வரியைப் பார்க்கவே கூசினாள். நாலு பத்துக்குப் பச்சைக் குடை வந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே, வயது முப்பத்தேழு என்று எழுதினாள். திசை வடக்கு என்று எழுதினாள். கையில் என்ன என்ற கட்டத்தில், அக்காவின் கை என்று எழுதினாள்.

ஆய்வாளர் குனிந்து படித்தார். "என்னம்மா இது?"

"கையில என்னன்னு கேட்டிருக்கே சார்."

"அந்தப் பொண்ணு குடையோட தெற்கே போகுது. நான்தான் பார்க்கறேனே."

"நான் போகச் சொன்னதால போறா சார். என் வேலையை எடுத்துக்கங்க. இந்த வரியை மட்டும் விட்டுடுங்க."

ஆய்வாளர் தாளை வாங்கி மேலிருந்து கீழே பார்த்தார், கீழிருந்து மேலே பார்த்தார். முகத்தைச் சுளித்தார். "இந்த வரியை விடுங்க. மிச்சத்தைப் பாருங்க, நூத்துக்கு மேல தெற்கே போறாங்க, அதுல ஒருத்தர்கூடத் திரும்பி வர்றதில்ல. உள்ளதை உள்ளபடி எழுதினா மேல யாரும்மா நம்புவாங்க? பாதியை வடக்குன்னு அடிச்சுத் திருத்திச் சுருக்கொப்பம் போடுங்க. எனக்கு ஆறு மணி ரயில்."

அவள் கம்பவுண்டரில் ஆரம்பித்தாள். உயிரோடிருக்கிறார்கள் என்று தெரிந்தவர்களை எல்லாம் வடக்கே திருப்பினாள். கடிகாரக் கடைக்காரரின் வரிக்கு வந்தபோது எழுந்து போய் அவர் மனைவியைக் கேட்டாள். அந்த அம்மாள், "வேண்டாம், அவர் முதுகுதான் பழகிடுச்சு" என்றாள்.

மறுநாள் நாலு பத்துக்குத் தெற்கு முனையிலிருந்து ஒரு பெண் வந்தாள். குடை இல்லை. முன் மயிர் கொட்டியிருந்தது, கண்ணாடி போட்டிருந்தாள், ஒரு விரலில் கட்டு இருந்தது. இவற்றில் எதையும் எண்ணுகிறவள் எழுதியிருக்கவில்லை. கிட்டே வந்ததும் அக்காவின் கை தானாக உயர்ந்தது, அதில் இன்னொரு கை வந்து பொருந்தியது, குளிரவில்லை. இருவரும் ஒன்றும் பேசாமல் வடக்கே நடந்தார்கள். பேசுவதற்கும் கட்டம் இல்லை. வடக்கு முனையில், அவர்கள் வளர்ந்த வீட்டுக்கு நாலு வீடு முன்னால், கை வெறுமையானது. அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். காய்ச்சலில் கிடந்த நாளில்கூட நாலு பத்துக்கு அவள் கால்கள் அவளைக் குடைக்கடை வாசலுக்குக் கொண்டுபோய் நிறுத்தின. மரங்கள் மெல்ல நிமிர்ந்தன. கம்பவுண்டரிடமிருந்து மறு கடிதம் வரவில்லை.

நாலு மாதம் கழித்து ஒரு தபால் அட்டை வந்தது. அனுப்பியவர் பெயரோ ஊரோ இல்லை, தபால் முத்திரையும் தெளிவாக இல்லை. கையெழுத்து மட்டும் அவளுக்குத் தெரிந்தது. "அக்கா, நாலு பத்துக்கு இவ்வளவு இறுக்கிப் பிடிக்காதே. தையல் மிஷின் ஒரு கையால ஓடாது."

அன்று முதல் அவள் தங்கையின் சுண்டுவிரலை மட்டும் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவர்கள் கடந்து போவதைப் பார்த்து டீக்கடைக்காரர் சாயங்காலப் பாலை அடுப்பில் ஏற்றினார்.