சட்டையில் பதிக்க ஒரு படம்

“இதுல அவன் சிரிக்கவே இல்லையேம்மா. ஷூ கடிக்குது, ஷூ கடிக்குதுன்னு அன்னிக்கு முழுக்க முனகிட்டே இருந்தான்.”

“சிரிக்காட்டி என்ன? பட்டம் வாங்குற கவுன் போட்டிருக்கான், தொப்பி வெச்சிருக்கான். இதைப் பார்த்துட்டு எவன் என்ன சொல்லிட முடியும்?”

“அவன் சிநேகிதனுங்களே யாருடா இந்த வக்கீலுன்னு கேப்பானுங்க.”

ஆர்லெத்தா மகன் டெமெட்ரியின் படத்தை ரூஃபஸின் பக்கம் தள்ளினாள். அந்தத் தெருவில் பிள்ளைகள் சாகும்போதெல்லாம் முகம் பதித்த சட்டைகள் ரூஃபஸின் கடையில்தான் தயாராகும். வீட்டார் அதைப் போட்டுக்கொண்டு அடக்கத்துக்குப் போவார்கள். இந்த முறை அடக்கத்துக்கு முன்பே ஊர்வலம். போன வாரம் போலீஸ்காரர் ஒருவர் டெமெட்ரியின் காரை நிறுத்தி, அவன் கதவைத் திறப்பதற்குள் சுட்டுவிட்டார். கையில் துப்பாக்கி இருந்தது என்றார்கள். இருந்தது கைப்பேசி. நாளைக்கு அவன் முகத்தை மார்பில் சுமந்துகொண்டு தெருவே நகரமன்றம் வரை நடக்கப் போகிறது. டிவிக்காரர்களும் வருவார்கள்.

மகள் கியாரா தன் கைப்பேசியை நீட்டினாள். “அங்கிள், இதைப் போடுங்க.”

அதில் டெமெட்ரி வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தான். பின்னால் ஏரி, வானம் எது தண்ணீர் எது என்று தெரியாத நீலத்தில். வலது கையில் மூன்று விரல்கள் உயர்ந்திருந்தன.

“திருட்டுப் பயலே,” என்றார் ரூஃபஸ். “இந்தச் சிரிப்பைக் காட்டியே என்கிட்ட ரெண்டு சட்டை ஓசியில அடிச்சிட்டுப் போனான்.” சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார்.

ஆர்லெத்தா விரல்களையே பார்த்தாள். “இதைக் காட்டி டிவியில என்ன சொல்லுவான்? கேங்கு ஆளுங்க காட்டுற சைகைம்பான். பொழுது சாயறதுக்குள்ள எம்புள்ளைய ரவுடியாக்கிடுவான்.”

“ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணினான்மா! நான்தானே எடுத்தேன். மூணு சொன்னதும் அமுக்குடி ஆமைன்னான்.”

“உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியுமா? ரூஃபஸ், அந்தக் கையை அழிச்சிடு.”

ரூஃபஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அழிக்கத் தொடங்கினார். கணினித் திரையில் ஒவ்வொரு விரலாக ஏரியாகிக் கரைந்தது. சிரிப்பு மட்டும் மிஞ்சியது. எதற்கென்று தெரியாத அசட்டுச் சிரிப்பாக.

“போலீஸும் அந்தக் கையைப் பத்தித்தாம்மா பொய் சொல்றாங்க,” என்றாள் கியாரா, கத்தாமல். “நாமளும் அதை மறைச்சிட்டா?”

ஆர்லெத்தா ஸ்டூலில் உட்கார்ந்தாள். பிணவறையில் முகத்தை மட்டும்தான் காட்டினார்கள். ஒரே ஒரு தடவை கையைப் பிடித்துக்கொள்கிறேன் என்று கெஞ்சியும் போர்வையை விலக்க விடவில்லை.

“திரும்ப வை, ரூஃபஸ்.”

கை வந்துவிட்டது. ஆனால் கியாராவின் முகம் தெளியவில்லை. அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். செய்தியாளர்கள் வீட்டு வாசலுக்கு வந்த அன்று குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டவள் கியாரா.

“நாளைக்கு மைக்கை நீட்டிக் கேப்பானுங்க, அந்த விரல் என்னன்னு. நான் வாயைத் தொறந்தா அழுகைதான் வரும். படம் எடுத்தவ நீ. என் கண்ணுல்ல, நீ சொல்லுடி.”