முப்பத்தெட்டு விநாடி

ஆஃப்ரீன் ஒரு கன்சல்டிங் கம்பெனியில் வேலை பழகிக்கொண்டிருந்த எம்பிஏ மாணவி. எட்டு வார இன்டர்ன்ஷிப் இன்றோடு முடிகிறது. பதினோரு மணிக்குத் தி.நகர் ஆபீசில் கிளையண்ட் முன்னால் அவள்தான் பேச வேண்டும். நன்றாகப் பேசினால் எம்பிஏ முடிப்பதற்கு முன்பே வேலை. சொதப்பினால் அவ்வளவுதான். மயிலாப்பூரில் ஸ்க்ரீன் துணிக் கடை வைத்திருக்கும் அவள் அத்தா ஹனீஃபாவுக்குப் பொறுமை என்று ஒன்று இருந்தால்தானே? போன வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்த கையோடு, பெண்ணுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று தெருவுக்கே சொல்லிவிட்டார்.

கன்சல்டிங் என்றால் ஏதோ பெரிய வித்தை என்று நினைத்துவிட வேண்டாம். கிளையண்ட், ஈக்காட்டுத்தாங்கலில் வண்டிகளுக்கு ஃபில்டர் செய்கிற கம்பெனி. அங்கே பேக்கிங்கில் பதினாலு பெண்கள். அவர்கள் பக்கத்தில் ஸ்டாப்வாட்சோடு ஐந்து நாள் நின்றாள். ஒரு பெட்டிக்கு முப்பத்தெட்டு விநாடி என்று வந்தது. அந்தக் கணக்குப்படி பத்துப் பேர் போதும், நாலு பேர் அதிகம் என்று ஸ்லைடு போட்டாள். அவளுடைய மேனேஜர் ஸ்ரீவத்சன் அதைப் பார்த்து, முதல் தடவையாகச் சிரித்தார்.

கடைசி ஸ்லைடுக்கு ஒரு போட்டோ வேண்டும் என்று அவர் சொன்னதால்தான் அன்று காலை ஒன்பது மணிக்கு அவள் மறுபடியும் அங்கே போனாள். போகாமலே இருந்திருக்கலாம்.

வாட்ச் இல்லாமல் நின்று பார்த்தபோது ஏதோ உதைத்தது. கைகள் மெதுவாகப் போயின. மனசுக்குள் எண்ணினாள். ஐம்பது, ஐம்பத்தொன்று, ஐம்பத்திரண்டு. அடுத்த பெட்டியும் அப்படியே.

"இன்னா கண்ணு, இன்னிக்குத்தான் பரிச்சயா?" என்றாள் தேவானை. பேக்கிங்கில் மூத்தவள் அவள்தான்.

"பரீட்சையா?"

"அதான், நீ வாட்ச்சு புட்சிக்கினு நின்னியே. காலேஜுல மார்க் போடுவாங்கன்னு சொன்னாங்க. பொண்ணு பாஸாவட்டும்னு அஞ்சு நாளும் மூச்சே வுடாம போட்டோம். டீக்குக்கூட யாரும் போவல. தெனம் அப்டி பண்ணா தோளு கயண்டுடும், ஆமா!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆஃப்ரீனும் சிரித்து வைத்தாள். போட்டோ எடுக்கவில்லை.

ஆட்டோ அசோக் பில்லர் சிக்னலில் நின்றபோது லேப்டாப்பைத் திறந்து அந்த ஸ்லைடைப் பார்த்தாள். அத்தனையும் தப்பான எண். அந்த எண்ணை வைத்து நாலு பேர் வீட்டுக்குப் போகப் போகிறார்கள். அதில் தேவானையும் இருக்கலாம். யா அல்லாஹ், இதை எந்த வாயால் சொல்வது?

ஆபீஸ் வாசலிலேயே ஸ்ரீவத்சனைப் பிடித்து நிறுத்தி ஒன்று விடாமல் சொன்னாள். திட்டப் போகிறார் என்று காத்திருந்தாள். அவரோ முகம் மலர்ந்துபோனார்.

"பிரமாதம் ஆஃப்ரீன்! முப்பத்தெட்டுல முடியும்னு அவங்களே காட்டிட்டாங்களே. மனசு வெச்சா செய்யறாங்க. இதை நீயே உள்ள சொல்லு, எம்.டி. அசந்துடுவார். உன் ஆஃபருக்கு நான் கேரண்டி."

உண்மையைச் சொன்னால்கூட அந்தப் பெண்களுக்குத்தான் வினை. அந்தப் பெண்ணுக்காக ஐந்து நாள் முடிந்தது, எனக்காக ஏன் முடியாது என்றுதானே எந்த முதலாளியும் கேட்பான்?

உள்ளே ஃபில்டர் கம்பெனி எம்.டி. சுந்தரராமன் ஸ்லைடைப் பார்த்துத் தலையாட்டினார். "முப்பத்தெட்டு செகண்டா? எங்க சூப்பர்வைசர் அம்பதுக்கு மேலன்னு சொல்வாரே?"

ஸ்ரீவத்சன் கண்ணைக் காட்டினார். சொல்லு, சொல்லு.

"சூப்பர்வைசர் சொன்னதுதான் சரி சார்," என்றாள் ஆஃப்ரீன். "நான் அளந்தது தப்பு. பெட்டியை மடிச்சு முடிச்ச பிறகுதான் வாட்சை ஆன் பண்ணியிருக்கேன். இன்னைக்குக் காலைலதான் கவனிச்சேன்."

"அஞ்சு நாளுமா?"

"அஞ்சு நாளும் சார்."

"ஒரு வாட்ச் பிடிக்கத் தெரியாதவங்களையா எங்க கம்பெனிக்கு அனுப்பினீங்க?" என்று அவர் ஸ்ரீவத்சனைப் பார்த்தார். ஸ்ரீவத்சனுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் அவர் உண்மையைப் போட்டு உடைக்கவில்லை. அந்த ஸ்லைடை எடுத்துவிடுவதாகச் சொன்னார். ஆள் குறைக்கிற பேச்சு அன்றோடு நின்றது.

மீட்டிங் முடிந்து லிஃப்டுக்குக் காத்திருந்தபோதுதான் ஸ்ரீவத்சன் அவளிடம் திரும்பினார்.

"நேத்தே உன் பேரை ஆஃபர் லிஸ்ட்ல போட்டுட்டேன், தெரியுமா? இப்ப எடுக்கணும்."

"எடுத்துடுங்க சார்," என்றாள். சொன்ன பிறகுதான் அழுகை வந்தது.